சம்பவமில்லாத ஒரு வருஷம்

ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம். கால் மணிக்கு ஒரு கட்டம் என்றால் ஒரு ஆளுக்குத் தொண்ணூற்றாறு கட்டம். எங்கள் வார்டில் இருபத்திரண்டு பேர். பெருக்கலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தலை சுற்றும். கால் மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு அறைக் கதவின் கண்ணாடி வழியாகவும் எட்டிப் பார்த்து, உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு ஷிஃப்டுக்கு இரண்டே அட்டெண்டர்கள். இந்த விதியைப் போட்ட புண்ணியவான் ஒரு நாள்கூட வார்டுக்குள் கால் வைத்திருக்க மாட்டான். சத்தியமாகச் சொல்கிறேன்.

இது சாதாரண ஆஸ்பத்திரி இல்லை. கொலை, தீவைப்பு என்று பெரிய குற்றம் செய்து, மனநோயில்தான் செய்தார்கள் என்று கோர்ட் சொன்னவர்களை உள்ளே வைத்து வைத்தியம் பார்க்கும் இடம். வாசலிலிருந்து என் மேஜைக்கு வர ஒன்பது கதவு. பின்னால் இருக்கும் கதவு பூட்டினால்தான் முன்னால் இருக்கும் கதவு திறக்கும். நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள். நான் இங்கே இருபத்தாறு வருஷமாக அட்டெண்டர். உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிடக் குறைந்த வருஷம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

முன்பெல்லாம் முதல் கட்டத்தில் 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டு மிச்சத்துக்கெல்லாம் 'மேற்படி' போட்டுவிடுவோம். ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மனிதர்கள் நாள் முழுக்க மேற்படியாக இருக்க மாட்டார்கள், விதவிதமாக எழுதவும் என்று சுற்றறிக்கை விட்டார்கள். விதவிதமாக எழுத நான் என்ன கதாசிரியனா? நல்ல வேளையாக, போன வருஷம் புதிதாக வந்த ஒரு நர்ஸம்மா ஆர்வக்கோளாறில் நிஜமாகவே பார்த்துப் பார்த்து எழுதினார். வருஷம் முடிந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். அவர் எழுதியது இருந்தது. இந்த வருஷம் நாங்கள் அதே தேதிப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்படியே காப்பி அடித்தோம். அடுத்து வந்த ஆய்வில் எங்கள் பதிவேடு தத்ரூபமாக இருப்பதாகப் பாராட்டுக் கடிதமே வந்தது.

இனி போஸ்ட்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிஜமாகவே தபால்காரராக இருந்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் தன்னைத் திட்டுவதாக அவருக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. ஒரு நாள் இரும்புக் கம்பியோடு போய் அந்த மனிதரைக் கொன்றுவிட்டார். மருந்து பிடித்துப் புத்தி தெளிந்தபோது, தான் செய்தது தெரிந்து மூன்று மாதம் யாரிடமும் பேசவில்லை. அதை வைத்து வார்டில் யாரும் கிண்டல் செய்வதில்லை. அவ்வளவு புத்தியாவது எங்களுக்கு உண்டு.

வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு குழு கூடும். முந்தைய பன்னிரண்டு மாதமும் பதிவேட்டில் சம்பவம் எதுவும் இல்லை என்றால், பொறுப்பேற்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். போஸ்ட்மேனுக்கு இருந்த ஒரே உறவு அவருடைய அக்கா. அறுபத்தெட்டு வயது, இதயத்தில் ஆபரேஷன் ஆனவர். அந்த அம்மா இருக்கிற வரைக்கும்தான் தனக்கு வெளியே ஒரு வீடு என்று போஸ்ட்மேனுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் குழு கூட ஆறு நாள் இருக்கும்போது, மருந்தை மாற்றிய குழப்பத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எங்களோடு வேலை பார்த்த அட்டெண்டர் மீசைக்காரர் தோளில் அடித்துவிட்டார். அவ்வளவுதான், போச்சு. இந்த வருஷம் மனிதர் ஒரு கொசுவைக்கூட அடிக்கவில்லை.

குழு கூட மூன்று நாள் இருக்கும்போது சூப்பிரண்டெண்ட் என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? பதினாலாம் தேதி, பன்னெண்டே முக்காலுக்கு, உன் போஸ்ட்மேன் தட்டால அடிச்சிருக்காரு?"

"யாரை சார்?"

"பணியாளர் எண் பதினேழு. அது மீசைதானே? அவர் ரிட்டயர் ஆகி அஞ்சு மாசம் ஆச்சேய்யா!"

அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீ பாத்துதானே எழுதின?"

"பாத்துதான் சார் எழுதினேன்."

"எதைப் பாத்து?"

"போன வருஷத்தைப் பாத்து."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பக்கங்கள் எல்லாம் எண் போட்டவை, அன்றன்றைக்கே ஒரு நகல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், அடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. "பதிவேடு பொய்னு வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரியையே பூட்டிருவாங்க. நீ வாயைத் திறக்காதே, நானும் திறக்க மாட்டேன்" என்றார்.

நான் நேரே போஸ்ட்மேனிடம் போனேன். கூடத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "தப்பு என்னுது. குழு முன்னாடி நானே ஒத்துக்கறேன். வேலை போனாப் போகட்டும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த தாளை அதன் தேதியில் செருகினார்.

"வேண்டாம்ணே. நான் அடிக்கலன்னு சொன்னா, இவன் இன்னும் திருந்தலன்னு எழுதுவாங்க. அடிச்சேன், வருத்தப்படுறேன்னு சொன்னா, சரி, திருந்திட்டான்னு மூணு மாசம் தள்ளி வெப்பாங்க. மூணு மாசம்னா அக்கா தாங்கும்."

"செய்யாத தப்புக்கா மன்னிப்புக் கேப்பீங்க?"

"செஞ்ச தப்புக்கே இன்னும் கேட்டு முடியல. இதையும் சேத்துக் கேட்டுட்டுப் போறேன். ஆனா நீங்க மட்டும் வாயத் திறக்கக் கூடாது. இவங்க எப்படி யோசிப்பாங்கன்னு பதினோரு வருஷமா படிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். ஆனால் மூன்று நாளும் எனக்கு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு இந்தப் பக்கம் வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர், அந்தப் பக்கம் பொதுமக்கள் பிரதிநிதி என்று ஒரு அம்மா. பொதுமக்கள் சார்பில் அந்த அம்மா கடைசி வரை பிஸ்கட்டை மட்டும் கவனித்துக்கொண்டார். கதவுப் பக்கம் அக்கா, கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி. வார்டு தரப்பில் சூப்பிரண்டெண்டும் நானும்.

போஸ்ட்மேன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஒரு மனிதரை அடித்துவிட்டேன், அவருக்கு எப்படி வலித்திருக்கும் என்று தினமும் நினைக்கிறேன் என்றார். சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் உடைந்தது. எந்த மனிதரை நினைத்து அழுதார் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். நீதிபதி பேனாவைத் திறந்தார். "செய்த தவறை உணர்ந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து அனுப்பலாம்."

"மூணு மாசம்தானேப்பா, நான் இருப்பேன், இருப்பேன்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு எழுந்திருக்கக் கூடாதா? நீதிபதி என் பக்கம் திரும்பி, "அடிபட்ட பணியாளர் இப்போ நல்லா இருக்காரா?" என்று விசாரித்தார். நல்ல மனிதர், பாவம், அக்கறையாகக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நல்லா இருக்கார் ஐயா என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் உள்ளே மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் மடை திறந்துகொண்டு வந்துவிட்டது. இவர் யாரையும் அடிக்கவில்லை ஐயா, அடிபட்டவர் ரிட்டயர் ஆகிவிட்டார், நான்தான் போன வருஷத்தைப் பார்த்து எழுதினேன், நான்தான் பாவி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பேசப் பேச எனக்கே என்மேல் மரியாதை வந்தது. சூப்பிரண்டெண்ட் கூரையைப் பார்த்தார். போஸ்ட்மேன் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி நேர்மையானவங்களைப் பாக்கறதே அபூர்வம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, "அப்போ மற்ற நாளெல்லாம்?" என்றார்.

"எல்லாமே அப்படி எழுதினதுதான் ஐயா."

"ஒரு நாள்கூட நேர்ல பாத்து எழுதலையா?"

"இல்லைங்க ஐயா."

"அப்போ இந்த வருஷம் சம்பவம் எதுவும் நடக்கலேங்கறதுக்கும் ஆதாரம் இல்லை" என்றார் நீதிபதி, ரொம்ப வருத்தத்தோடு.

தாளில் எழுதியிருந்த 'மூன்று மாதம்' என்பதை அடித்தார். இன்றிலிருந்து ஒரு முழு வருஷம், நேரில் பார்த்து எழுதிய பதிவேட்டோடு மறுபடி வரவும் என்று எழுதினார். அப்போது டாக்டர் இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பினார். செய்யாத ஒன்றுக்காக இவ்வளவு நம்பும்படியாக அழத் தெரிந்தவர் என்பதையும் கவனிக்க வேண்டுமே என்றார். 'ஏமாற்றும் திறன் உண்டு' என்று அபாயப் பட்டியலில் புதிதாக ஒரு வரி ஏறியது. எனக்கு எச்சரிக்கை ஒன்றும் பாராட்டு ஒன்றும் ஒரே தாளில் கொடுத்தார்கள்.

"அப்போ அந்த மூணு மாசம்?" என்று அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார். நீதிபதி பேனாவை மூடினார். சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார்.

போஸ்ட்மேனை வார்டுக்கு அழைத்துப் போக வேண்டியது நான்தான். ஏழாவது கதவுக்கும் எட்டாவது கதவுக்கும் நடுவில், பின்னால் பூட்டு விழுவதற்காக நின்றோம். இரண்டு ஆள் நிற்கத்தான் அங்கே இடம். தலை குனிந்து நின்றேன். திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இப்ப உங்க மனசு லேசாயிடுச்சாண்ணே?"

இல்லை என்று சொல்ல எவ்வளவோ முயன்றேன். லேசாகத்தான் இருந்தது.