நாலில் ஒன்று

மைதீன் பிச்சை மவுத்தாகிவிட்டான் என்று போன் வந்தபோது பல்கீஸ் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். லாரி மோதி அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டதாம். அழுவதா, சும்மா இருப்பதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவன் அவளைத் தலாக் சொல்லித் தொண்ணூற்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லை. அந்தப் பேச்சு முற்றி, ஜமாத்தார் இரண்டு பேர் முன்னால் ஒரே ஒரு தலாக் சொன்னான். அன்றைக்கே அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு, தன்னோடு லைனில் வேலை பார்க்கும் செல்லக்கனியின் மண்ணூர் வாடகை அறைக்கு வந்துவிட்டாள். இரண்டு பேருமே தெற்கத்திக்காரிகள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால்கள் தாமாகப் பென்னலூருக்குத்தான் போயின. ஆறு வருடம் வாழ்ந்த வீடு. வாசலில் மைதீனின் அண்ணன் மசூது மறித்தார்.

"தலாக் சொல்லி மூணு மாசம் முடிஞ்சிட்டு, பல்கீஸ். இப்ப நீ அந்நியப் பொம்பள. மையித்தோட முகத்தப் பாக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினாள். ஏன் தலையாட்டினோம் என்று திரும்பி நடக்கும்போதுதான் யோசித்தாள்.

இரண்டு நாள் அறையிலேயே கிடந்தாள். அடுத்த வாரம் நைட் ஷிப்ட்.

"வேலைக்கு வாரியா, வரலியாட்டி?" என்றாள் செல்லக்கனி.

"விதவைன்னா இத்தா இருக்கணும், நாலு மாசத்துக்கு மேல வீட்டோட. நான் விதவையான்னே தெரியலியே."

"தெரிஞ்சவங்கட்ட போய்க் கேளு."

ஸ்ரீபெரும்புதூர் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் அவள் கேட்கப் போனது அதை மட்டும்தான். அவரோ வேறொன்று கேட்டார்.

"தலாக்குக்கு அப்புறம் எத்தனை தடவை தீட்டு வந்துச்சும்மா? மாதவிடாய் வர்ற பொண்ணுக்கு மாசக் கணக்கு கிடையாது. தலாக் இத்தா முடிய மூணு தீட்டுதான் கணக்கு."

பல்கீஸுக்கு முகம் சூடாகியது. ஷிப்ட் மாறி மாறி வந்ததில் உடம்பின் கணக்கு எப்போதோ குழம்பிப் போயிருந்தது. இரண்டு தடவை நிச்சயம். மூன்றாவது? அவன் இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் கொஞ்சம் பட்டது. அது தீட்டா, இல்லையா?

"எத்தனை நாள் இருந்துச்சு?"

"வியாழன், வெள்ளி... சனிக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதேன் ஹஸ்ரத். சுத்தமாத்தான் இருந்தேன்."

"மூணு நாளுக்குக் குறைஞ்சா நம்ம மத்ஹபு சட்டத்துல அது தீட்டே இல்லம்மா. இதுல உன் வார்த்தைதான் சாட்சி. சத்தியமா சொல்றியா?"

தெரியாமல் பொய் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, அந்த மூன்று நாட்களையும் மனதில் ஒவ்வொன்றாக நடந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சத்தியமா, ஹஸ்ரத்."

"அப்போ உன் இத்தா முடியல. ஒரு தலாக்குதானே, நடுவுல அவர் மனசு மாறிக் கூப்பிட்டிருந்தாலும் நீ மனைவியாவே திரும்பிப் போயிருக்கலாம். அவர் மவுத்தாகும்போது நீ அவர் மனைவி. அன்னிலேர்ந்து நாலு மாசம் பத்து நாள் உனக்கு இத்தா. பொழைப்புக்காகப் பகல்ல வெளிய போலாம், ராத்திரி வீட்ல இருக்கணும். அவர் சொத்துலயும் பங்கு உண்டு. பிள்ளை இருந்தா எட்டுல ஒண்ணு. இல்லாததால நாலுல ஒண்ணு."

பிள்ளை இல்லையென்று தள்ளி வைத்தார்கள். பிள்ளை இல்லையென்பதால் பங்கு கூடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜமாத்தில் ஹஸ்ரத் இதைச் சொன்னபோது, மசூது சண்டை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் போடவில்லை.

"வீட்டுல அவ பங்க எழுதிக்கிடுங்க. எனக்குப் பேச்சில்ல."

"மச்சான்," என்றாள் பல்கீஸ். "அப்ப நான் முகத்தப் பாத்திருக்கலாமா?"

மசூது ஹஸ்ரத்தைப் பார்த்தார். ஹஸ்ரத், "பாத்திருக்கலாம்மா," என்றார்.

"மூணு மாசம்னுதான் நெனச்சேன். வேணும்னு செய்யல," என்ற மசூது, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஆறு வருடத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. அவளும் உட்கார்ந்து அழுதாள். தள்ளி வைத்தவனுக்காகவா, பார்க்காத முகத்துக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் கலைமதியிடம் போய், வீட்டில் ஒரு சாவு என்று சொல்லி, நான்கு மாதத்துக்குப் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டாள். கலைமதி ஒரு படிவத்தை நீட்டினாள்.

"காரணம் எய்து. யாரு செத்தது?"

பல்கீஸ் 'கணவர்' என்று எழுதினாள்.

"இன்னா பல்கீஸ், டைவர்ஸ் ஆயிடுச்சின்னு நீதான சொல்லிக்கினு இருந்த?"

"ஆமாக்கா, சொன்னேன்."

"அப்போ இது?"

"இதுவும் நெசந்தான்க்கா. எனக்கே இன்னும் வெளங்கல."

கலைமதி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். கையெழுத்துப் போட்டு, "நாளிக்கு ஜெனரல் ஷிப்டு. ஏழரைக்கு பஸ்ஸு," என்றாள்.