இடது தோள் சங்கு

1958 ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீரியட். ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள்: முன் பெஞ்சில் பூமாவும் இரண்டு பெண்களும், அவர்களுக்குப் பின்னால் முப்பத்தொரு பையன்கள், ஜன்னலோரம் நல்ல நாற்காலியில் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் தைரியராஜ், கால் ஆடும் நாற்காலியில் தலைமையாசிரியர் சடகோபன். உட்காராதவர் செல்லக்கண்ணு ஒருவர்தான். துறையூரிலிருந்து வந்த தற்காலிக வாத்தியார். இன்றைய பாடம் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மாசக் கடைசியில் துறையூர் பஸ்.

பாடம், புத்தக அச்சின் சரித்திரம். தரங்கம்பாடியில் பாதிரிமார்கள் தமிழில் அச்சடித்த இடம் வந்ததும் சடகோபனின் நாற்காலி கிறீச்சிட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். செல்லக்கண்ணு இருவரையும் பார்க்காமல், சத்திரம் பக்கத்து அச்சகத்தில் இரவல் வாங்கிவந்த ஈய எழுத்தை மையில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தினார்.

"பாத்தீங்களா? ஈயத்துல எழுத்து திரும்பியிருந்தாத்தான் காகிதத்துல நேரா விழும். ஈயத்துல நேரா இருந்தா இங்க திரும்பிடும். எந்த அச்சுக்கும் இதான் விதி."

பூமா எழுந்தாள். "போன மாசம் எனக்கு சமாச்ரயணம் ஆச்சு சார். சக்கரத்தையும் சங்கையும் நெருப்புல காய்ச்சித் தோள்ல ஒத்தினா. அதுவும் அச்சுதானே?"

"அதேதாம்மா!" செல்லக்கண்ணுவுக்குப் பூரிப்பு.

"அப்போ முத்திரையில, பெருமாள் கையில இருக்கறாப்பல, வலப்பக்கம் சுழிச்ச சங்கு இருந்தா, தோள்ல இடம்புரியான்னா விழுந்திருக்கும்?"

செல்லக்கண்ணுவின் காதில் துறையூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அதிகப்பிரசங்கி! உக்காருடி!" என்றார் சடகோபன்.

"எதுக்குங்க திட்டுறீங்க? உங்க தோள்லயும் இருக்குமே. பாத்துட்டாப் போச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுத்தால் பயந்ததாக ஆகிவிடும். சடகோபன் ஜிப்பாவின் இடது கையைச் சுருட்டினார். வகுப்பு மொத்தமும் வந்து மொய்த்தது. நாற்பது வருஷத்துச் சங்கு, சுட்ட அப்பளம்போல் இருந்தது.

"இடம்புரிதான்டா!"

"போடா, வலம்புரி!"

"எனக்கு நத்தையாட்டம் தெரியறது."

மணி அடித்தது. இன்ஸ்பெக்டர் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, எழுதித் தன் ஆபீசுக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி சடகோபனிடம் இரண்டு படிவங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். நிரந்தரமாக்கலாமா, கூடாதா? கூடாதெனில் காரணத்தை விவரமாக எழுதவும்.

"என்ன ஓய், பாடம் எடுக்கச் சொன்னா என் சட்டையை எடுத்துட்டீரே!" சடகோபன் செல்லக்கண்ணுவைத் தன் அறைக்கு அழைத்துவந்து பேனாவைத் திறந்து, 'கூடாது. காரணம்' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

"என்னன்னு எழுதறது? என் தோள் சங்கு எந்தப் பக்கம் சுழிக்கிறதுன்னு வகுப்பில் சர்ச்சை வந்தது என்றா? ஆபீஸ் குமாஸ்தாக்கள் முக்கால்வாசி நம்மவா. படிச்ச அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வீதியில போறவன் வரவனெல்லாம் ஜிப்பாவைச் சுருட்டும்பானே!"

"முத்திரையைச் செதுக்கினவங்க சங்கைத் திருப்பித்தாங்க செதுக்கியிருப்பாங்க. தோள்ல வலம்புரியாத்தான் விழும்," என்றார் செல்லக்கண்ணு மெதுவாக.

"அதை வகுப்பிலேயே சொல்லித் தொலைச்சிருக்கப்படாதோ?"

"அப்பத் தோணலைங்க சார்."

சடகோபன் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மற்றொன்றை எடுத்தார். 'ஆக்கலாம். வகுப்பைக் கலகலப்பாக நடத்துகிறார்.' பல்லைக் கடித்துக்கொண்டே உறையிலிட்டார். கோந்து தடவி ஒட்டி, தபால்தலையைக் குத்து விட்டதுபோல் பதித்தார்.

அவர் மனசு மாறுவதற்குள் செல்லக்கண்ணு அதை வாங்கிக்கொண்டு உத்தர வீதித் தபால் பெட்டிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையை வெளியே எடுத்தார்.