சுகந்தி ஸ்டாக் இருக்கா

"ஹலோ, சுகந்தி கம்பெனியா? உங்க சுகந்தி நாறுதுங்க. வீட்டுக்குள்ள உக்கார முடியல."

"எந்த சுகந்தி சார்?" என்று கேட்டாள் மருமகள்.

அப்படிக் கேட்பதற்காகத்தான் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டின் பெயர் சுகந்தி. எலி ஒட்டிக்கொண்டு சாகிற பசைக்கும் சுகந்தி என்றுதான் பெயர். மீன் குடலை ஊறப்போட்டு, புளித்து நுரைத்ததும் வடிகட்டி, செடிக்கு உரம் என்று டிரம் டிரம்மாக அனுப்புவார்களே, அதுவும் சுகந்தி. செப்டிக் டேங்க் உறிஞ்சுகிற லாரிகளின் வயிற்றில் ஆள் உயரத்துக்குப் பச்சை எழுத்தில் சுகந்தி. பஸ் நிலையத்துக்குப் பின்னால், படுக்கை விரிப்பை மாற்றுவது பாவம் என்று நினைக்கிற லாட்ஜ் ஒன்று இருந்தது. அதன் போர்டிலும் சுகந்தி, சீரியல் பல்ப் போட்டு. வாசனை என்று பொருள் தருகிற ஒரு பேரை இப்படித் தேடித் தேடிக் கேவலப்படுத்த ஒரு மனுஷனால் முடியுமென்றால், அது அவளுடைய மாமனாரால்தான் முடியும்.

கல்யாணம் முடிந்த கையோடு அவளை இந்தப் புகார் போனில் போட்டுவிட்டார். "படிச்ச பொண்ணு, பொறுமையாப் பேசுது" என்று ஊரெல்லாம் பெருமை வேறு. அவள் காதில் விழுந்ததெல்லாம் சுகந்தி, சுகந்தி, சுகந்திதான். சுகந்தியைத் தொட்டதில் கை வெந்துவிட்டது என்று ஒருத்தர். சுகந்திக்கு முன்பு மாதிரி வேகம் இல்லை, தண்ணீர் கலக்கிறீர்களா என்று இன்னொருத்தர். "சுகந்தியை மத்தியானமே அனுப்பிடுங்க, எங்க டேங்க் வழியுது." சாயங்காலமானால் லாட்ஜைத் தேடுகிறவர்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சுகந்தில ரெண்டு மணி நேரத்துக்கு இடம் கிடைக்குமா?" என்பார்கள். அந்த ஆட்களிடம் வேறு நம்பரைச் சொல்லிவிட்டு அவள் ரிசீவரைத் துணியால் அழுத்தித் துடைப்பாள். எச்சில் ஒயர் வழியாக வராது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் துடைப்பாள்.

இந்த லட்சணத்தில் அவள் முழுகாமல் இருந்தாள். அடுத்த கொட்டகையில் ஆசிட் நிரப்புகிற புகை தொண்டையைக் கரகரக்க வைக்கும். அதற்கு அடுத்த கொட்டகையிலிருந்து மீன் உரம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஜன்னல் வழியே வரும்போது குடலே வாய்க்கு வந்துவிடும் போல இருக்கும். புருஷனிடம் சொன்னாள். அவன் அந்தக் கம்பெனியின் விற்பனையைப் பார்ப்பவன், அப்பாவின் வாயைப் பார்த்தே வளர்ந்தவன். "பழகிடும்" என்றான்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏம்மா, பொண்ணா இருந்தா சுகந்தின்னே வச்சிடலாம். ராசியான பேரு. அந்தப் பேரை ஒட்டி எதுவும் இதுவரைக்கும் படுத்ததில்ல."

அவளுக்குக் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. ரிசீவரில் கேட்ட அத்தனை குரலும் ஒரே நேரத்தில் திரும்பிக் கேட்டது. நாளைக்குத் தன் பெண் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பேரைச் சொல்லும். பின்பெஞ்சில் எவனாவது மூக்கைப் பொத்துவான். கொஞ்சம் வளர்ந்தால் லாட்ஜ் பேரை வைத்துக் கேட்பான்.

"வேண்டாம் மாமா. வேற பேரு நான் பாத்து வைக்கிறேன்."

மாமனார் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது.

"தாராளமா வை. நல்லதா, சின்னதா, வாயில நிக்கிற மாதிரி. கரப்பான் பொடி ஒண்ணு புதுசாப் போடலாம்னு இருக்கேன். அதுக்கும் புதுப் பேரு ஒண்ணு வேண்டியிருக்கு. குழந்தை பேரும் பொடி பேரும் ஒண்ணா இருந்தா அதுவும் ராசிதான். நீ சொல்றதுக்காகத்தான் அச்சாபீஸ்காரனை நிறுத்தி வச்சிருக்கேன்."

இதைச் சொல்லிவிட்டு, கரப்பான் எப்படி மல்லாந்து காலை உதைத்துக்கொண்டு, வயிறு வெடித்துச் சாகும் என்று தட்டுக்கு மேலேயே கையால் நடித்துக் காட்டினார். புருஷன் சிரித்தான். மாமியார் அவருக்கு மோர் ஊற்றினாள். மருமகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் வாந்தி எடுத்தாள்.

ஆக, ஒன்று சுகந்தி. இல்லையென்றால் அவள் ஆசை ஆசையாகத் தேடி எடுக்கிற பேர் எதுவோ அது கரப்பான் பொடி. எந்தப் பேரை நினைத்தாலும் உடனே அது டப்பாவில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் மல்லாந்த கரப்பானோடு கண்முன் வந்து நின்றது. மனதுக்குள் வைத்திருந்த நல்ல பேர்களெல்லாம் ஒவ்வொன்றாக இப்படிக் கெட்டுப்போயின.

அந்த மாதக் கடைசியில் மாமியாருக்குக் கண்ணில் புரை என்று கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாமியாரை அவள் அத்தை என்று கூப்பிடுவாள். அந்த வீட்டில் அத்தைக்குப் பேர் என்று ஒன்று புழக்கத்தில் இருந்ததே இல்லை. பிள்ளைக்கு அவள் அம்மா. வேலையாட்களுக்குப் பெரியம்மா. மாமனாருக்கு "இந்தா". கல்யாணப் பத்திரிகையில்கூட மாமனார் பேரைப் போட்டு, முன்னால் திருமதி என்று ஒட்டியதோடு சரி. மருமகளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

ஆஸ்பத்திரி நடையில் காலை வைத்ததுமே அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது. வேறெது, அவர்கள் ஆசிட்தான். தரையைக் கழுவி ஈரம்கூடக் காயவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினைத் தேடி ஓட, அத்தையே போய்ச் சீட்டுப் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளும் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சுகந்தி!"

யாரும் எழுந்திருக்கவில்லை.

"சுகந்தி இருக்காங்களா? சுகந்தி!"

மருமகளுக்கு அலுப்புத் தட்டியது. ஆஸ்பத்திரிக்கு வந்தும் விடமாட்டேன் என்கிறார்களே. எப்படியோ தன்னை அடையாளம் தெரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. போனில் பேசுகிற அதே பொறுமையான குரலில் சொன்னாள்:

"ஸ்டாக் இருக்குங்க. அஞ்சு லிட்டர் கேன் வேணுமா, சின்ன பாட்டிலா? நாளைக்குக் காலையில அனுப்பிடறேன்."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு அத்தையின் பக்கம் விரலை நீட்டினாள்.

"அம்மா, நீங்கதானே சுகந்தி? இப்பத்தானே சொன்னீங்க?"

அத்தை திடுக்கிட்டு எழுந்தாள். "என்னையா கூப்பிட்டீங்க? நான் ஆசிட்டுக்குன்னு நெனச்சேன்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சேர்ந்து லேசாகச் சிரித்தாள். மருமகளுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாந்தி வருகிற மாதிரி இருந்தது, ஆனால் இந்தத் தடவை வாசனையால் இல்லை. எத்தனை நாளாக இந்த அம்மாள் மத்தியானச் சாப்பாட்டோடு ஆபீசுக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்! அத்தனை நாளும் போனில் "சுகந்தி நாறுது", "சுகந்தியை அனுப்பு", "சுகந்தில ரெண்டு மணி நேரம்". இவளும் அதற்கெல்லாம் "சரி சார்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சுகந்தியின் கையால் சாப்பிட்டுக்கொண்டே.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டாள். "ஏன் அத்தை சொல்லவே இல்ல?"

"என்னத்தச் சொல்ல? மொதல்ல சோப்புதான் போட்டாரு. குளிக்கிற சோப்பு. நல்லா மணமா இருக்கும். புதுசா கல்யாணமானப்ப, உன் பேரு வைக்கட்டுமான்னு கேட்டாரு. எனக்குத் தலைகால் புரியல. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சோப்பு குடுத்தேன்."

"அப்புறம்?"

"சோப்பு போணியாகல. லேபிள் மட்டும் மூட்டை மூட்டையா மிஞ்சிப்போச்சு. வீணாக்குவானேன்னு எடுத்து ஆசிட் பாட்டில்ல ஒட்டினாரு. அது பிச்சுக்கிட்டுப் போச்சு. அப்புறம் எது செஞ்சாலும் அந்தப் பேருதான். லாட்ஜுக்கு வைக்கிறப்ப மட்டும், வேண்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன். உன் பேரா அது, கம்பெனி பேருன்னாரு." அத்தை கண்ணில் போட்ட மருந்தைத் துடைத்துக்கொண்டாள். "நெசந்தான். எவனாவது தெருவுல சுகந்தின்னு கத்தினா நான் திரும்பறதில்ல. லாரிதான் வருதுன்னு ஒதுங்கி நிப்பேன்."

மருமகளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மிஞ்சின லேபிளுக்காக ஒரு பொம்பளையின் பேரை உரித்தெடுத்துக் கக்கூஸில் ஒட்டியிருக்கிறார் அந்த மனுஷன், அதை ராசி என்று வேறு சொல்லிக்கொண்டு திரிகிறார். அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதை, ஏப்பம் விடுவதை, பல் குத்துவதை அவளால் பார்க்க முடியவில்லை. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் உட்கார அவளுக்குக் கூசியது. புருஷனிடம் போய், "உங்கம்மா பேரு என்னன்னு தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாம என்ன?" என்றான் அவன், செல்போனைப் பார்த்துக்கொண்டே. "தெரிஞ்சுமா?" என்றாள். "வியாபாரத்தையும் வீட்டையும் போட்டுக் குழப்பிக்காத" என்றான். அவன்மேலும் அவளுக்கு அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று.

குழந்தை பிறந்தது. பெண்தான். கையடக்கமாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எதையோ முகர்ந்து பிடிக்காதது போலத் தூங்கியது. அத்தைதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். மறுநாள் மாமனார் மகனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி அறைக்கு வந்தார். குழந்தையை ஒரு பார்வை பார்த்தார். காதில் செல்போன் இருந்தது, அந்தப் பக்கம் அச்சாபீஸ்காரன்.

"லைன்லயே இருப்பா. இதோ சொல்லிடறேன்." மருமகள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, பேரு முடிவு பண்ணிட்டியா? டிசைன் ரெடியா இருக்காம். பேரு போட வேண்டியதுதான் பாக்கி."

"பண்ணிட்டேன் மாமா."

சொன்னாள். அவருடைய சொந்தப் பேரைத்தான் சொன்னாள். பெண்ணுக்கு ஏற்ற மாதிரி கடைசி எழுத்தை மட்டும் மாற்றி, நிறுத்தி, தெளிவாக, போனில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பேரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். 

"வேற பேரா கிடைக்கல உனக்கு?"

"இதைவிட ராசியான பேரு ஏது மாமா? அச்சாபீஸ்காரர் காத்துக்கிட்டு இருக்காரே. சொல்லிடுங்க."

"சீ!" என்றார் மாமனார். முகம் அப்படியே கோணிப்போயிற்று. மீன் உரக் கொட்டகையில்கூட மூக்கைச் சுளிக்காத மனுஷர் அவர். "எங்கப்பா ஆசையா வச்ச பேரும்மா அது. அதைப் போயி கரப்பான் பொடியிலயா? வீடு வீடா, மூலை முடுக்கெல்லாம், சாக்கடை ஓரமெல்லாம் தூவுவாங்க. அதுல என் பேரா? உனக்கு அறிவு இருக்கா?"

அத்தை குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்திவிட்டுத் தன் புருஷனையே பார்த்தாள். பேர் என்றால் இப்படியெல்லாம் வலிக்கும் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவர் அதைக் கவனிக்கவில்லை. போனில் பேசினார்.

"அலோ. புதுப் பேரு எதுவும் வேண்டாம்பா. வழக்கமா போடறதையே போடு. ஆமா, சுகந்திதான். சுகந்தி கரப்பான் பொடி. கரப்பான் படத்தைக் கொஞ்சம் பெருசாப் போடு."

மருமகள் வாயைத் திறந்திருக்கலாம். வேண்டாம், அது அத்தையோட பேரு என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். திறக்கவில்லை. தன் பெண் தப்பித்தாள் என்று அவளுக்குள் ஒரு நிம்மதி வந்துவிட்டிருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்தபோது மாமனாரைப் பார்த்து வந்த அதே குமட்டல் அவளுக்குத் தன்மேலும் வந்தது. அவர்கள் இருவரும் கிளம்பிப் போகிறவரைக்கும் அவள் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

குழந்தை சிணுங்கியது. துணி நனைந்திருந்தது. அவள் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். அவளே வைத்த பேர்தான், ஆனால் அந்த ஆளின் பேர் நாக்கில் வந்து உட்கார்ந்தது. நக்கிய விரல்கள், ஏப்பம், பல் குத்தும் குச்சி எல்லாம் கூடவே வந்தன. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"குடு இப்படி" என்று அத்தை வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவளாலும் அந்தப் பேரைச் சொல்ல முடியவில்லை. "பாப்பா" என்றாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.