பகல் தூக்கம்

பாத்திர மூடியைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி மகள் நின்றாள். விட வேண்டியதுதான் பாக்கி. விரல் விடமாட்டேன் என்றது.

"போடுங்கம்மா," என்றார் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற நர்ஸ். "என்னமோ பச்சைப்பிள்ளையை இறக்கி வைக்கற மாதிரி பிடிச்சிருக்கீங்க!"

"போடறேன், போடறேன்."

போடவில்லை. நர்சுக்கு என்ன தெரியும்? இந்த வீட்டில் பகலில் சத்தம் போடுவது கொலைக்குற்றம். அப்பாவுக்குப் பத்திரிகை அச்சகத்தில் வேலை. ஊர் தூங்கும்போது மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஊர் எழும்போது மை வாசனையோடு வந்து படுப்பார். அப்புறம் குழாய்கூடச் சொட்டக்கூடாது. அம்மா அதற்கடியில் துணி விரித்து வைப்பாள். அம்மாவும் மகளும் சண்டையைக்கூடக் கிசுகிசுவென்றுதான் போட்டார்கள். மகள் நடப்பது காதிலேயே விழாது என்பதால் அப்பா அவளுக்குப் பூனை என்று பேர் வைத்தார். என்ன அருமையான பகல்கள் அவை!

இப்போது அவரை எழுப்ப வேண்டும்.

"மூளையோட முன்பக்கம், அடியில ஒரு கொத்து செல் இருக்கு," என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் கண்ணுக்குப் பின்பக்கத்தை விரலால் காட்டிச் சொல்லியிருந்தார். "மேல் மூளையை முழிப்பா வச்சிருக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு. அங்கதான் ரத்தம் கசிஞ்சிருக்கு. மேல் மூளை நல்லாத்தான் இருக்கு. எழுப்பி விடத்தான் ஆளில்ல." திரையில் அப்பாவின் மூளை அலைகள் பெரிது பெரிதாக, சோம்பலாக நகர்ந்தன. முழித்திருந்தால் சின்னச் சின்னதாக, வேகமாக ஓடுமாம். "கொஞ்சம் செல் மிச்சமிருக்கு. வெளிச்சம், பேச்சு, சத்தம்னு பகல்ல உசுப்பிக்கிட்டே இருங்க. கொஞ்ச நேரம் முழிச்சாலும் முழிப்பார். ஆனா நெஞ்சுல சளி கட்டிடுச்சு. ரொம்ப நாள் தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மகள் கடல் தாண்டி வந்து சேர்ந்ததிலிருந்து அவர் ஒருமுறைகூடக் கண் திறக்கவில்லை. அப்பா போகப் போகிறார் என்பதை அவள் ஏற்றுக்கொண்டாள். அவள் வந்தது தெரியாமலே போய்விடுவாரோ என்பதுதான் பயம். வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அணைத்தாள். அணைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகள் ஜன்னலைத் திறந்தால் அம்மா சாத்தினாள்.

"கை தன்னால போகுதுடி, நான் என்ன செய்ய?"

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. காதருகே குனிந்து அப்பா என்று கத்த நினைத்தால் மகளுக்கே வெறும் காற்றுதான் வந்தது.

"குடுங்க, நான் போடறேன்," என்று நர்ஸ் கை நீட்டினார். அந்த ரோஷத்தில் மகள் விட்டுவிட்டாள்.

அம்மாடி, என்ன சத்தம்! அதோடு நின்றதா? மூடி விளிம்பில் நிமிர்ந்து கடகடவென்று கதவுப் பக்கம் உருண்டது. அங்கே நின்றிருந்த அம்மா, மாடிப்படி ஏறவே முனகும் மூட்டுவலிக்காரி, எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, குறுக்கே பாய்ந்து மூடியின் மேல் குப்புற விழுந்து அமுக்கிவிட்டாள்.

தரையிலிருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள்.

"மறுபடியுமா!" என்றாள் மகள்.

அவ்வளவுதான். அம்மா முதலில் சிரித்தாளா, மகளா, தெரியவில்லை. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாகப் பீறிட்டது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாரு... சிரிக்கறது?"

கட்டிலில் அப்பாவின் கண்கள் திறந்திருந்தன.

"நான்தாம்பா. பூனை."

அவர் அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "எப்ப வந்த?"

"வந்து நாலு நாளாச்சுப்பா."

"சத்தமே... கேக்கல."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் கலந்துகொண்டு வந்தன. சந்தோஷம் தாங்கவில்லை.

"என்ன சிரிப்பு? எனக்கும் சொல்லு."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "சின்ன வயசுல ஒரு நாள் நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க..."

"சத்தமா."

"தூங்கிக்கிட்டிருந்தீங்க!" என்றாள் உரக்க. "அம்மா கையிலருந்து சட்டி மூடி நழுவி, நேரா உங்க கட்டிலுக்கு உருண்டு வருது. அம்மா பின்னாலயே ஓடி வந்து, பாஞ்சு, அது மேலயே படுத்துட்டா. எழுந்தா சத்தம் வருமே! நீங்க முழிக்கற வரைக்கும் அசையவே இல்ல. நான்தான் தலகாணி கொண்டுவந்து குடுத்தேன்..."

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்புதான். கண்கள் மெல்ல மூடின. மேலே சொல் என்பதுபோல அவள் கைக்குள் விரல் ஒன்று அசைந்தது. அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றது.

நர்ஸ் குனிந்து மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தில் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். மகள் கதையைப் பாதியில் நிறுத்தினாள்.

அம்மா எழுந்து வந்து அப்பாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு," என்றாள். "அது சட்டி மூடி இல்லடி. அண்டா மூடி."

"அண்டா மூடிப்பா," என்று மகள் உரத்த குரலில் திருத்திச் சொன்னாள். "இவ்ளோ பெருசு." இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள்.