ஒரு திருத்தமாவது

...இதிலும் இல்லை, பாதிக்கு மேல் படித்துவிட்டேன், ஒரு கால்புள்ளிகூட இடம் மாறவில்லை, எப்படி எழுதியிருக்கிறது பார் இந்த ஏஐ சனியன், ‘ஸ்டார்ட்டர் பெட்டியை வெயிலும் மழைச்சாரலும் படாத சுவரில் பொருத்தவும்’, சாரலாம், அந்தச் சொல்லை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், நானாயிருந்தால் ஈரம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். நாலு மணிக்கு சூர்யபிரகாஷ் கூப்பிடுவார், என்னைவிடச் சின்னவர், மேனேஜர் என்பதால் ‘ர்’, ஒரு மாசமா நீங்க ஒரு திருத்தம்கூடப் போடலையே மலர்க்கொடி, படிச்சுப் பாக்குறதுக்குன்னு தனியா ஒரு ஆள் தேவையான்னு மேல கேக்குறாங்க என்று போன வாரம் சொன்னார், குரலில் வருத்தம் இருந்தது, வருத்தம் இருந்து என்ன, நானும் வருத்தமாகத்தான் கேட்டுக்கொண்டேன். தப்பு இல்லாத இடத்தில் நான் எங்கே போய்த் திருத்தம் தேடுவது, பெண் பார்க்க வந்த வீட்டில் காபியில் சர்க்கரை குறைவு என்று சொல்லும் மாமா மாதிரி ஏதாவது சொல்லலாம்தான், ‘பொருத்தவும்’ வேண்டாம் ‘மாட்டவும்’ போடு என்று சொல்லலாம், அது உடனே மாட்டிவிட்டு நன்றி என்று ஒரு வரியும் எழுதும். அது போதாது. இன்றைக்குள் உருப்படியான ஒரு தப்பு வேண்டும், ஆளைக் காயப்படுத்துகிற மாதிரி ஒரு தப்பு, அது கிடைத்தால் என் வேலை இருக்கும், கிடைக்காவிட்டால் நாற்பத்திரண்டு வயதில் நன்னிலத்தில் உட்கார்ந்துகொண்டு எவனிடம் போய் எனக்குக் கையேடு எழுதத் தெரியும் என்று சொல்வேன்?

ஊரில் இன்னும் யாருக்கும் என் வேலை புரியவில்லை. புக்கு எழுதுறியாமே என்று கேட்பார்கள், கதையா என்பார்கள், இல்லை, மோட்டாரை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது என்று எழுதுவேன் என்றால், அத எதுக்கு எழுதணும், சுச்சியப் போட்டா ஓடப் போகுது என்று சிரிப்பார்கள். அம்பத்தூரில் முதலில் சேர்ந்தபோது அப்படி ஒன்றும் சிரிப்பாக இல்லை, பெரிய மேசை, அதன்மேல் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டிருப்பார்கள், இஞ்சினியர் ஒவ்வொரு போல்ட்டாகக் காட்டுவார், நானும் ஹபீபுன்னிசாவும் கிரீஸ் கையோடு குறிப்பெடுப்போம், அவள் திருத்துறைப்பூண்டிக்காரி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் அவளுக்கு, ஒருமுறை ஷாக் அடித்துவிட்டது, எழுந்து உட்கார்ந்ததும் இதையும் எச்சரிக்கையில போடுடி என்றாள். அப்புறம் மேசை போயிற்று, படம் மட்டும் கம்ப்யூட்டரில் வந்தது, அச்சடித்த புத்தகம் போய் வலைப்பக்கம் வந்தது, யாரும் முழுசாகப் படிப்பதில்லை, துண்டு துண்டாக எழுதுங்கள் என்றார்கள், துண்டு துண்டாக எழுதினோம், அதையும் படிப்பதில்லை, வீடியோ எடுங்கள் என்றார்கள், எடுத்தோம், பெட்டிமேல் ஒரு க்யூஆர் கட்டம் ஒட்டினார்கள், அதைச் செல்போனுக்குக் காட்டினால் கையேடு திறக்கும், கொரோனாவில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அம்பத்தூர் வீடு போய் நன்னிலத்தில் அண்ணன் வீடாயிற்று. இப்போது எழுதவே வேண்டாம், அது எழுதும், நீங்கள் படித்துப் பார்த்து ‘சரி’ என்று பொத்தானை அமுக்கினால் போதும் என்கிறார்கள். ஹபீபுன்னிசா அன்றைக்கே ராஜினாமா எழுதிவிட்டாள், நான் என்ன கூலிக்கு ஆமாஞ்சாமியாடி என்று கேட்டாள், எனக்கு அந்த ரோஷம் வரவில்லை, எழுத்தும் படிப்பும்தான் எங்கள் வீட்டைக் களத்துமேட்டிலிருந்து தூக்கி நிறுத்தின, அதை எப்படிச் சட்டென்று விட்டுவிட்டு வருவது...

கரண்ட் போய்விட்டது. மோடத்தின் விளக்கு அணைந்தது, படித்துக்கொண்டிருந்த பக்கம் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கிறது, வேளை பார்த்து வருகிறது பார், சரி, பம்புசெட் பக்கம் போனால் செல்லில் சிக்னல் நன்றாக இருக்கும், அங்கே போய் மீதியைப் படிக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடக்கிறேன், வாய்க்காலில் தண்ணீர் இல்லை, மேட்டூரைத் திறந்து என்ன, கடைமடைக்கு அது வந்து சேர்வதற்குள் குறுவை நாற்று முற்றிவிடும், அதுவரை மோட்டார்தான் கதி. அண்ணன் காலையிலேயே போய்விட்டான். அண்ணன் பகலவனுக்கு இந்த வருஷம் செல்போன் ஸ்டார்ட்டர்மேல் ஒரே மோகம், எங்கள் கம்பெனியுடையது இல்லை, வேறு கம்பெனி, ஆனால் எல்லாம் ஒரே சாதிப் பொருள்தான், வீட்டிலிருந்து ஒரு போன் போட்டால் வயலில் மோட்டார் ஓடும், ஆட்டோவில் போட்டுவிட்டால் அதுகூட வேண்டாம், கரண்ட் வந்ததும் தானாக ஓடும். இந்தப் பக்கத்தில் எல்லோரும் வருஷம் முழுக்க ஆட்டோவில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள், மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற மறந்துபோகும், கரண்ட் வந்தும் தண்ணீர் பாயாமல் நாற்று காயும், அதனால் மெயினை யாரும் தொடுவதில்லை. ரிப்பேர் எல்லாம் கரண்ட் இல்லாதபோது பார்த்துக்கொள்வார்கள். சரி, எங்கே விட்டேன், பராமரிப்பு, அதற்கு முந்தைய வரி, ‘பழுது பார்க்கும் முன் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளவும்’, காலையிலேயே படித்த வரிதான், எங்கே போனாலும் சரியான வரி, இதில் யார் குறை கண்டுபிடிப்பது...

பம்புசெட் கதவு திறந்திருந்தது. அண்ணன் குந்தி உட்கார்ந்திருந்தான், பழைய டீசல் இஞ்சினைக் கழற்றிவிட்டுக் கரண்ட் மோட்டார் வைத்தபோது பெல்ட்டை மட்டும் மாற்றவில்லை, அது நழுவியிருக்கிறது, ஒரு கையால் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு கையைப் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விட்டு இழுத்துக்கொண்டிருந்தான், தலைக்கு மேலே குண்டு பல்பு எரியவில்லை, மெயின் மேலேயே இருக்கிறது, ஸ்டார்ட்டர் ஆட்டோவில் கிடக்கிறது. அண்ணா கைய எடு, கைய எடுண்ணா என்று கத்தினேன். அவன் பதறிக் கையை உருவிக்கொண்டு, என்ன மலரு, பாம்பா என்றான். ஆட்டோல கெடக்குதே, கரண்டு வந்தா ஓடுமே, கை என்னத்துக்கு ஆகும்? கரண்டுதான் இல்லையே, இந்தா பல்பப் பாத்துட்டுத்தானே கைய வெச்சேன், கரண்டு ஆபீஸுக்கும் போன் போட்டுக் கேட்டுட்டேன், இப்போதைக்கு வராதாம். அவங்க சொன்னா வராதா? நீ ஒருத்தி, மெட்ராஸ்காரி மாதிரி பேசுற, ஊருல எல்லாரும் இப்படித்தானே செய்யிறோம் என்று முணுமுணுத்தபடி மெயினை இறக்கினான், என் திருப்திக்காக. வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தபோதே கை செல்லைத் திறந்துவிட்டது, அந்த வரி, ‘மின்சாரம் இல்லை என்பதை’, அண்ணன் அதைத்தானே உறுதி செய்துகொண்டான், கையேட்டில் உள்ளபடிதானே செய்தான், அச்சுப் பிசகாமல்.

அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அந்த ஏஐக்கு எழுதினேன், மின்சாரம் இல்லாத நேரம்தான் இங்கே ஆபத்தான நேரம், ஆட்டோவில் இருக்கும் மோட்டார் சொல்லாமல் ஓடும், முதலில் மெயினை இறக்கச் சொல், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல், அப்புறம் கையை வைக்கச் சொல் என்று. மூச்சு விடும் நேரத்தில் பதில் வந்தது, நான் சொன்னதையே என்னைவிட அழகாக எழுதிவிட்டது, கூடவே, இதே பிழை நம்முடைய மற்ற கையேடுகளிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் திருத்திவிடட்டுமா என்று கேட்டது. திருத்து என்றேன், வேறு என்ன சொல்வது, இனி இந்தத் தப்பு அதற்கு வராது, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று, போகட்டும், எத்தனை கை பிழைக்கும். நாலு மணிக்குக் கூப்பிட்ட சூர்யபிரகாஷுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சூப்பர்ங்க, ஃபீல்டுல இருக்கிற ஆளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு நான் மேல சொல்லிட்டேன், உங்க சீட்டுக்கு இப்போதைக்குப் பிரச்சினை இல்ல, இந்த மாதிரி மாசத்துக்கு ரெண்டு கெடைச்சாப் போதும். இந்த மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்க வாய் வந்தது, தேங்க்ஸ் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அண்ணன் சாயங்காலம்தான் சாப்பிட வந்தான், முழங்கைவரை பெல்ட் கரி. ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன், வேலை தப்பித்த நிம்மதியில் அப்பளம்கூடப் பொரித்திருந்தேன், அவன் பிசைந்துகொண்டே நிமிராமல் கேட்டான். ஆமா, நீ வந்ததும் கதவுகிட்ட நின்னு என்னையப் பாத்துச் சிரிச்சியே, அப்புறந்தானே கத்துன? சிரிச்சேனா, நானா? ஆமாங்குறேன், என்னமோ தொலைஞ்சது கெடைச்ச மாதிரி, நானும் நீ சும்மா வந்து நிக்கிறேன்னு நெனச்சு கைய நல்லா உள்ள விட்டேன், என்னத்தப் பாத்துச் சிரிச்ச? ஒண்ணுமில்லண்ணா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கிறேன் என்றேன், அவன் போதும் என்று கையை இலைமேல் குறுக்கே வைத்தான், விரல்கள் எல்லாம் இருந்தன, நான் ஏன் அதைப் பார்க்கிறேன். உள்ளே மடிக்கணினி சத்தம் கொடுத்தது, அடுத்த கையேடு வந்திருக்கும், களையெடுக்கும் மெஷின், அடியில் சுழல்கிற பிளேடு, போய்த் திறந்தேன், முதல் பக்கம் சரியாக இருந்தது, இரண்டாவது பக்கம் சரியாக இருந்தது, பிளேடு பற்றிய பக்கம் ரொம்பவே சரியாக இருந்தது, சந்தோஷப்பட வேண்டியதுதானே, எனக்கு ஏன் இப்படி ஏமாற்றமாக இருக்கிறது...