மணிக்கட்டில் ஒரு கோடு

பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்காக நாற்பத்திரண்டு நாடுகள் கூடி நடத்திய அந்தப் போட்டியில், எக்ஸ்ரேக்காரர் பார்த்ததெல்லாம் இடது கைகளைத்தான். நீச்சலோ மல்யுத்தமோ, எதில் இறங்கும் பிள்ளையும் முதலில் அவருடைய அறைக்கு வந்து, குளிர்ந்த தட்டின் மேல் இடது கையை விரித்து வைத்தாக வேண்டும். மணிக்கட்டு எலும்பின் நுனியருகே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் இன்னும் வளர்கிற பிள்ளை. கோடு மூடிக்கொண்டிருந்தால் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்று நாளில் ஆயிரத்து நூறு கைகள். இரண்டு பிள்ளை பெற்றவன் மாதிரி மீசையோடு வந்த ஒரு பளுதூக்கும் பையனுக்குக் கோடு பளிச்சென்று இருந்தது. அன்றோடு அவர் முகங்களை நம்புவதை விட்டுவிட்டார்.

அந்த ஆயிரத்து நூறில் ஒரு கை அவருடைய அக்கா மகளுடையது. வயது பதினைந்து, நானூறு மீட்டர் ஓட்டக்காரி. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட சரித்திரம் கிடையாது. அவளுடைய கோடு பென்சிலால் இழுத்தது போலத் தெளிவாக இருந்தது. மாமாவுக்குப் பெருமை.

முதல் சுற்றில் வாலு முதலாவதாக வந்தாள். வந்த வேகத்தில் தடுமாறி விழுந்து இடது கையை ஊன்றிக்கொண்டாள். முறிந்திருக்குமோ என்று அவர் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். முறிவு இல்லை. கோட்டில் பாதியும் இல்லை.

மெஷின்தான் குடித்துவிட்டு வந்திருக்கிறது என்று நினைத்து, தன் கையையே வைத்து ஒரு படம் எடுத்தார். ஐம்பத்திரண்டு வயதுக் கை ஐம்பத்திரண்டு வயதுக் கையாகவே வந்தது. மெஷின் யோக்கியமானதுதான்.

இரண்டு நாள் கழித்து அரையிறுதி. அதிலும் அவளே முதல். வீக்கம் இருக்கிறதா பார்க்கலாம் என்று சாக்குச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். இந்த முறை கோடு இருந்த தடமே இல்லை. மூட்டின் ஓரங்கள் தேய்ந்திருந்தன. துணி பிழிந்து, பாத்திரம் தேய்த்து, பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த நாற்பது வயதுக் கை அது. கைக்கு உரியவளோ, மூக்கில் பருவோடு சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன மாமா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

"கை வலிக்குதா?"

"காலையில எந்திரிச்சா விரல் மடங்க மாட்டேங்குது. வெந்நீர்ல வெச்சா சரியாப் போயிடுது. அதை விடுங்க, கோச்சுக்குத்தான் சளி. தலையில துண்டைக் கட்டுங்கன்னா கேக்க மாட்டேங்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைங்க யார் பேச்சைக் கேக்குது?"

கோச்சுக்கு வயது முப்பத்தொன்று. 

எக்ஸ்ரேக்காரர் மூன்று படங்களையும் வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு தலைமை டாக்டரம்மாவிடம் ஓடினார். இறுதிப் போட்டிக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. இவள் பெரியவள், ஓடத் தகுதியில்லை என்று அந்த அம்மாள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மிச்சமிருக்கும் வயதாவது பிள்ளைக்கு மிஞ்சும்.

"இது உங்க அக்காவோட கையா இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"அக்கா ஓடலைங்களே டாக்டர்."

"ஒரு வாரத்துல எலும்புக்கு இருபத்தஞ்சு வயசு கூடுமாய்யா? ஃபிலிமை மாத்தி வெச்சிருக்கீங்க. முதல் படம்தான் கணக்கு. போய் ஒரு டீயைக் குடிங்க."

டீ குடிக்கவில்லை. நேராகப் பயிற்சி மைதானத்துக்குப் போனார். வாலு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிர்வதற்குள் இரண்டு முறை "அப்பாடா" என்றாள்.

"ஓடாதே வாலு. இன்னொரு தடவை ஓடினா அறுபது."

அவள் ஆச்சரியப்படவில்லை. "கடைசி நூறு மீட்டர்ல காதுக்குள்ள ஒரு சத்தம் கேக்கும் மாமா. நாள்காட்டித் தாளைக் கிழிக்கிற மாதிரி, சர்ரு சர்ருன்னு. எவ்வளவு கிழியுதோ அவ்வளவு வேகம் வரும்."

"அடிப்பாவி, தெரிஞ்சேவா ஓடுறே?"

"இன்னும் நிறையத் தாள் இருக்குல்ல?"

"அம்மாகிட்டச் சொல்றேன் இரு."

"சொல்லுங்க. அவங்க நம்புறாங்களான்னு நானும் பார்க்கிறேன்."

"மெதுவாவாவது ஓடேன். எட்டாவதா வா."

"எட்டாவதா வர்றதுக்கா நாலு வருஷமா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஓடுறேன்?"

மறுநாள் மாலை நான்கு மணி. கடைசி வளைவில், வேலி ஓரமாக அவர் நின்றார். எட்டுப் பெண்கள் வளைவில் திரும்பினார்கள். அரங்கமே கத்தியது. அந்தக் கத்தலுக்கு அடியில் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சர்ரு. சர்ரு. வாலு இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். முன்னால் போகிறவளுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கை தூரம்தான்.

எக்ஸ்ரேக்காரர் பிறந்ததிலிருந்து நாடக மேடை ஏறியவர் அல்ல. ஆனாலும் நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ அக்கா!" என்று ஒரு அலறல் அலறி, கட்டை மாதிரி மல்லாந்து விழுந்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிதறினார்கள்.

வாலு திரும்பிப் பார்த்தாள். கால் தயங்கியது. அப்புறம் தடத்தை விட்டு விலகி, வேலியைத் தாண்டி ஓடிவந்தாள்.

"மாமா! மாமா!"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நடிச்சீங்களா?"

"கொஞ்சம்."

அவள் முகம் கறுத்தது. "இனிமே எனக்கு மாமான்னு யாரும் கிடையாது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவள் நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லையை நோக்கிப் போன ஏழு பேரிடமிருந்தும் அது வந்துகொண்டிருந்தது. தூரம் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போனது.

பதக்கம் வாங்கிய மூன்று பேருக்கும் மறுபடி கை படம் எடுக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் வந்து, சிரித்துக்கொண்டே கையை வைத்தார்கள். வெண்கலத்துக்கு அறுபத்தைந்து மதிக்கலாம். வெள்ளிக்கு எழுபது. தங்கத்தின் எலும்பு சல்லடையாகி, விரல் மூட்டுகள் கோணியிருந்தன. எண்பதுக்குக் குறையாது. மற்ற இருவரும் போன பின்னும், தங்கம் வாங்கிய பெண் தன் நாட்டுக் கொடியைத் தோளில் போர்த்தியபடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். கன்னம் ஆப்பிள் மாதிரி இருந்தது. குறட்டை மட்டும் கிழவியுடையது.

கதவை உதைத்துக்கொண்டு வாலு வந்தாள். அழுது வீங்கிய முகம். சண்டை போடத்தான் வந்தாள். வாயைத் திறந்தவள், வெளிச்சப் பெட்டியில் தொங்கிய படத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"யாரோடது?"

அவர் பெஞ்சைக் காட்டினார்.

வாலு படத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். பிறகு போய், நழுவிக் கிடந்த கொடியை எடுத்து அந்தப் பெண்ணைக் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

"இந்தப் பொண்ணை எழுப்பு, டாக்டரம்மாவை நேர்ல வந்து பார்க்கச் சொல்றேன்" என்று அவர் தொடங்கினார்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் வாலு. "தூங்கட்டும். நாளைக்குக் காலையில இவளுக்கு எண்ணூறு மீட்டர் இருக்கு."