பரிசீலனையில் ஒரு மருமகள்

கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து வங்கியின் செயலியைத் திறந்து பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. எப்போது திறந்தாலும் ஒரே வரிதான்: "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது." அப்படி என்னதான் பரிசீலிக்கிறார்களோ. நான் கேட்டது ஒரு கார்டு, அவர்கள் வீட்டுப் பெண்ணை அல்ல.

வீட்டின் முன்னறையில் பார்லர் நடத்துகிறேன். மணப்பெண் அலங்காரப் பயிற்சி ஒன்றில் சேர ஆசை. வெள்ளிக்கிழமைக்குள் கார்டு மூலம்தான் இடம் பிடிக்க முடியும். கணவரிடம் கார்டு இருக்கிறது. அதைத் தொட்டால் உடனே அவர் போனுக்குச் செய்தி போகும், "பொழுதுபோக்குக்கு இவ்வளவு செலவா?" என்பார். எட்டு வருடமாக இந்த வீட்டில் என் தொழிலுக்கு அதுதான் பெயர். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெயர் வைத்தவர் என் மாமியார். மகனுடைய கடை படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. மருமகள் சம்பாதித்துக் குடும்பம் ஓடுகிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் அவனுக்குத் தலைகுனிவாம். அதனால் உறவுக்காரர்களிடம், "அவளுக்கென்ன, சும்மா பொழுது போகணும்ல" என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், என் கையில் எப்போதும் தலைச்சாயம் இருப்பதால் என் போன் மாமியாரிடம்தான் இருக்கும். எந்த வாடிக்கையாளர் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நாளெல்லாம் சொல்பவரும் அவரேதான்.

புதன்கிழமையும் அதே பரிசீலனை. பொறுமை போய், கையைக் கழுவிக்கொண்டு வங்கியின் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மேடம், சரிபார்க்க ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காங்க. நீங்க வேலைக்கே போறதில்லன்னு பதில் வந்திருக்கு."

"யாரு சொன்னா?"

"யாரோ ஒரு வயசான அம்மா. என் மருமக ஒரு காசு சம்பாதிக்கறதில்ல, மகாராணி மாதிரி வச்சிருக்கோம்னு சொன்னாங்களாம். நாளைக்குக் கடைசியா ஒரு தடவை கூப்பிடச் சொல்றேன்."

நேராக மாமியாரிடம் போனேன்.

"அத்தை, பேங்க்லேர்ந்து யாராவது பேசினாங்களா?"

"பேசினான் ஒருத்தன். வருமானம் என்ன, வருமானம் என்னன்னு ஒரே குடைச்சல். நம்ம வீட்டுக் கதை அவனுக்கு எதுக்கு? நல்லா சொல்லி அனுப்பிட்டேன்." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எனக்குக் கார்டு தரமாட்டாங்க அத்தை. நான் வேலையே செய்யலையாம். நீங்க ஊரெல்லாம் சொல்றதை அவங்களும் நம்பிட்டாங்க."

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மறுநாள் போன் அடித்தபோது மணிக்கட்டு வரை எனக்குச் சாயம். கணவர் வேறு அப்போதுதான் சாப்பிட வந்து நின்றார். மாமியார் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அவ மாமியார்தான் பேசறேன். அன்னைக்கு நான் சொன்னது பொய் தம்பி," என்றார். "அவ காலைல நின்னான்னா பொழுது சாஞ்சுதான் உக்காருவா. வீட்டு வாடகை அவ குடுக்கறது. என் மாத்திரை அவ வாங்கறது. என் பையன் கடை... அதை விடுங்க. இந்த வீட்டுல சம்பாதிக்கறது அவதான். அப்படியே எழுதிக்கோங்க."

கணவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை.

மாமியார் எழுந்து வந்து போனை என் காதில் வைத்துப் பிடித்தார். "நீங்க என்ன வேலை பண்றீங்க மேடம்?" என்று கேட்டது ஓர் ஆண் குரல். இந்தக் கேள்விக்கு மனதுக்குள் எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன். இப்போது மாமியாரின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"சொல்லும்மா," என்றார் மாமியார். "பார்லர் நடத்தறேன்னு சொல்லு. என் பையனுக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு."